நீல டிராமின் எதிரொலி

"ஒரு ஆளை அழிக்கணும். ஆனா அவன் மேல ஒரு கீறல்கூட விழக் கூடாது" என்றாள் சிடோனியா.

காலைக் காபி தொண்டையில் இறங்குவதற்குள் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் எனக்கு அன்றைய நாளே பிடித்துப்போகும். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கணவனைப் பின்தொடரச் சொல்வார்கள், மீதிப் பேர் மனைவியை. சில சமயம் இரண்டு கேஸும் ஒரே வீடு. ருமேனியாவின் திமிஷோவாரா நகரத்தில் 'தனியார் துப்பறிவாளர்' என்று பலகை மாட்டியிருக்கும் ஒரே பெண்மணி என் முதலாளி ஒட்டிலியா முர்கு. நான் ஃபிலிமோன், அவருடைய உதவியாளன். பின்தொடர்வது என் வேலை, பேசுவது என் வியாதி.

கீறல் விழாமல் மனிதர்களை அழிக்க முனிசிபாலிட்டியிலேயே தனி டிபார்ட்மென்ட் இருக்கிறது, மனு கொடுத்தால் போதும் என்றேன். ஒட்டிலியா பென்சிலால் என் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "யாரு ஆளு?" என்று கேட்டார்.

"ஹோரியா வால்கன்."

என் வாய் தானாக மூடிக்கொண்டது. ஹோரியா வால்கனைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் பிறந்திருக்க முடியாது. 'நீல டிராம்' பாட்டு வாசித்தவர். அந்தப் பாட்டின் நடுவில் வரும் கிட்டார் ஓட்டம் இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு எங்கள் தெருவில் மூன்று பையன்கள் படிப்பை விட்டார்கள். மழை ஜன்னலில் அடிப்பதுபோல் சடசடவென்று சுரங்கள் விழும். ஒவ்வொன்றும் லேசாகத் தள்ளாடும், போதை ஏறிய ஆள் கோட்டில் நடப்பதுபோல. மியூனிக்கின் பெரிய ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்ததாக வால்கன் எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை ரோஜாப் பூங்கா மேடையில் மேயரே வந்து அவருக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் கொடுக்கப்போகிறார்.

சிடோனியாவுக்கு நாற்பது வயதிருக்கும். பால் பண்ணையில் வேலை. குரலை உயர்த்தவே இல்லை. அது மியூனிக் இல்லை, எண்பத்தைந்து ஜனவரியில் இதே ஊர் ரயில்வே ஊழியர் கலாமண்டபத்தில் பதிவானது என்றாள். வாசித்தது தன் அண்ணன் ரெமுஸ். வால்கன் அப்போது அதே குழுவில் இருந்தான். பதிவு நடந்த வாரம் அவன் இங்கேயே இல்லை, அப்போது லேசில் கிடைக்காத பாஸ்போர்ட்டுக்காகத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் அலைந்துகொண்டிருந்தான். திரும்பி வந்தான், டேப்பை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பாஸ்போர்ட் கிடைத்த அதே வாரத்தில் ரெமுஸை ரகசியப் போலீஸார் வீட்டுக்கு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ரெமுஸ் குடிபோதையில் ஜனாதிபதியைப் பற்றிச் சொன்ன ஒரு ஜோக் எழுத்துக்கு எழுத்து அவர்களிடம் இருந்தது. அந்த ஜோக்கைக் கேட்டவன் ஒரே ஒருத்தன்.

"ஜெயில்ல நெஞ்சு போச்சு. வெளிய வந்து ஒரு வருஷம் இருமினான், அப்புறம் போயிட்டான். அவனை வித்து வாங்கின பாஸ்போர்ட்ல போய் அந்தப் பாட்டையும் வித்தான். இப்ப அவனுக்குப் பட்டம். எனக்கு அவன் செத்துப்போக வேணாம். சாகுறது ரொம்பச் சுலபம். ஊர் முன்னாடி அவன் கையிலேர்ந்து அந்தப் பாட்டு கீழ விழணும். அதை அவன் பாக்கணும், நான் அவனைப் பாக்கணும்."

சாட்சி யாராவது உண்டா என்று ஒட்டிலியா கேட்டார். மனிதர்கள் யாரும் இல்லை என்றாள். காலடியிலிருந்த சூட்கேஸைத் தூக்கி மேசைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே பழைய டேப் ரெக்கார்டரைப் பிரித்து ரெமுஸ் கையால் கட்டிய எக்கோ மெஷின் இருந்தது. வளையமாக ஒட்டிய ஒரு துண்டு டேப் அதில் சுற்றும். ஒரு முனையில் கிட்டார் சுரம் பதியும், கொஞ்சம் தள்ளி இன்னொரு முனை அதையே திருப்பிச் சொல்லும்.

"சொன்னதையே திருப்பிச் சொல்லுது. எங்க மாமியார்கூட இந்த மாடல்தான்" என்றேன். சிடோனியா சிரிக்கவில்லை. அவள் சிரித்து வெகு காலமாகியிருக்கும் என்று தோன்றியது.

•

ஃபாப்ரிக் பகுதியில் கிட்டார் கடை வைத்திருக்கும் ஓஸ்கரிடம் போனோம். 'நீல டிராம்' பாட்டின் அந்தச் சத்தத்தை அப்படியே திரும்பக் கொண்டுவருவதே தன் பிறவிப் பயன் என்று அலைகிற ஆள் அவன். அதற்காகவே மனைவி அவனை விட்டுப் போனாள். சுவரில் வால்கனின் பேட்டி ஒட்டியிருந்தது. எந்த எக்கோ, சுரத்தை லேசாக ஆட்டிக் காட்டும் கோரஸ் பெடல் எது, எந்தக் குமிழை எத்தனை திருப்ப வேண்டும் என்று வால்கன் பெருந்தன்மையாக எல்லாவற்றையும் அதில் சொல்லியிருந்தார்.

"எல்லாத்தையும் அப்படியே வெச்சுப் பாத்துட்டேன் மேடம். வராது. பாட்டுல எக்கோ ஒரு மயிரிழை லேட்டா வருது. அந்தத் தள்ளாட்டமும் எந்தப் பெடல்லயும் இல்ல. பெடல்ல போட்டா ஊஞ்சல் மாதிரி ஒரே சீரா ஆடும். இதுல ஒழுங்கே கிடையாது. நினைச்சா ஆடுது, நினைச்சா நிக்குது" என்றான் ஓஸ்கர்.

இசை விஷயத்தில் ஒட்டிலியாவுக்கு வயலினுக்கும் கெட்டில் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பொய் சொல்கிறவனை அவர் மூக்கு கண்டுபிடித்துவிடும். இத்தனை வருஷமாக ஊரே முயன்றும் வரவில்லை என்றால் சமையல் குறிப்பு கொடுத்தவன் அந்தச் சமையலைச் செய்ததே இல்லை என்று அர்த்தம் என்றார். ரெமுஸின் மெஷினை மின்சாரத்தில் மாட்டச் சொன்னார்.

மாட்டினான். சூட்கேஸுக்குள் டேப் சுற்றியது. ஓஸ்கர் ஒரு சுரம் தட்டினான், மெஷின் திருப்பிச் சொன்னது. ஓஸ்கரின் முகம் தொங்கிப்போனது. பாட்டில் வருவதைவிட இது சீக்கிரம் வருகிறது, தள்ளாட்டமும் சுத்தமாக இல்லை என்றான். சிடோனியாவின் கை சூட்கேஸ் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. இதே மெஷின்தான், சத்தியமாக இதேதான் என்றாள்.

"அது சரி, எண்பத்தஞ்சு குளிர்காலம்னா சரக்கடிச்சிருக்கும் மேடம், மெஷினும் மனுஷன்தானே" என்றேன். பேச்சை மாற்றலாமே என்று ஒரு கதையும் சொன்னேன். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ரெக்கார்ட் பிளேயரில் பாடகிகள் எல்லாரும் ஆண்பிள்ளைகளாக மாறிவிட்டார்கள். என் அத்தைக்குப் பிடித்த ஒரு குயில் குரல்காரி சாயங்காலமானால் கரடிபோல் உறுமுவாள். காலையில் மறுபடி குயிலாகிவிடுவாள்.

ஒட்டிலியா என்னையே பார்த்தார். "ஏன் அப்படி ஆச்சு?"

"கரண்ட்தான் மேடம். ஊருக்கே கரண்ட் இல்ல. நாப்பது வாட் பல்பு ஒண்ணுக்கு மேல போடக் கூடாதுன்னு சட்டம். ஹீட்டிங்கும் கிடையாது. அதனால ஆளாளுக்கு கட்டில் அடியில ஒரு ஹீட்டரை ஒளிச்சு வெச்சுப் போட்டுக்குவோம். ஊர் மொத்தமும் போட்டா கரண்ட் என்ன செய்யும், நொண்டியடிச்சுட்டுத்தான் வரும். மோட்டார் வெச்ச சாமான் எல்லாம் மெதுவா…"

அங்கேயே நிறுத்திவிட்டேன். என் வாயிலிருந்து வந்த உருப்படியான விஷயம் அந்த வருஷத்தில் அது ஒன்றுதான், அதுவும் எனக்கே தெரியாமல் வந்தது.

ஓஸ்கர் மெஷினின் மோட்டாரையே வெறித்துக்கொண்டிருந்தான். பாட்டைப் பதிவு செய்தது எந்த ரெக்கார்டரில் என்று ஒட்டிலியா கேட்டார். ரேடியோ நிருபர்கள் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிற பேட்டரி ரெக்கார்டரை இரவல் வாங்கியிருந்தோம் என்றாள் சிடோனியா. அப்படியானால் ரெக்கார்டர் ஒழுங்காக ஓடியிருக்கிறது, எக்கோ மட்டும் ஊர் கரண்டோடு சேர்ந்து தள்ளாடியிருக்கிறது. மியூனிக்கில் யாரும் கட்டிலுக்கடியில் ஹீட்டர் ஒளித்து வைப்பதில்லை.

"எனக்கு எண்பத்தஞ்சாம் வருஷத்துக் கரண்ட் வேணும், ஃபிலிமோன். எங்கேர்ந்தாவது பிடிச்சுட்டு வா" என்றார் ஒட்டிலியா.

•

யோசெஃபின் சந்தையில் மிச் சுட்டு விற்கிற ஸிமியோன் அண்ணனிடம் அந்தக் கரண்ட் இருந்தது. கரி அடுப்பில் கறியை விரல் நீளத்துக்கு உருட்டிப் போட்டு வாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பீர் வைக்கிற ஃப்ரிட்ஜ், அதை ஓட்ட ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். அது ஓடுகிற லட்சணத்துக்கு அதை மியூசியத்தில் வைக்கலாம். எங்கள் மெஷினுக்கு அந்த லட்சணம்தான் வேண்டும். அண்ணனிடம் ஜெனரேட்டர் இரவல் கேட்டேன். எதற்கு என்றார். ஒருத்தனைப் பழிவாங்க என்றேன். அதைச் சொல்வதற்கென்ன, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று பிளக்கைக் காட்டினார்.

மெஷினை மாட்டினோம். ஓஸ்கர் காதில் ஹெட்ஃபோன், அதில் 'நீல டிராம்'. கையில் கிட்டார். நான் ஜெனரேட்டரின் பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். எஞ்சின் முனகியது. டேப் மெதுவானது, எக்கோ தாமதித்தது. இன்னும், இன்னும் என்று ஓஸ்கர் கண்ணை மூடிக்கொண்டு கையசைத்தான். அப்போது ஃப்ரிட்ஜ் தானாக ஓட ஆரம்பித்தது. ஜெனரேட்டருக்கு மூச்சு வாங்கியது. எக்கோ தடுமாறி விழுந்து எழுந்தது.

ஓஸ்கர் ஹெட்ஃபோனைக் கழற்றினான். அவன் கண்ணில் தண்ணீர். இத்தனை வருஷம் தேடியது ஒரு மிச் கடை ஃப்ரிட்ஜுக்குள் இருந்திருக்கிறதே என்றால் யாருக்குத்தான் அழுகை வராது.

"இதுதான் மேடம். இதேதான்."

நான் ஸிமியோன் அண்ணனிடம் எல்லாருக்கும் ஒரு தட்டு மிச் சொன்னேன். சிடோனியா கடுகுச் சாற்றில் தொட்டு முதல் வாய் வைத்தாள். ஆனால் ஓஸ்கர் தட்டைத் தொடவில்லை. ஒரு சிக்கல் இருக்கிறது என்றான். அந்தக் குளிர்காலத்தில் கலாமண்டபத்தில் மூச்சு விட்டால் புகை வரும். வாசிக்கிறவர்கள் கம்பளிக் கையுறையில் விரல் நுனியை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்வார்கள். வால்கன் இதைப் பற்றியும் ஒரு பேட்டியில் பேசியிருந்தார். 'அந்தக் குளிரில் இந்த ஊரில் எவன் விரலும் அந்த வேகத்துக்கு அசையாது. அதனால்தான் நான் மியூனிக் போனேன்' என்று.

"அது பொய் இல்ல மேடம்" என்றான் ஓஸ்கர். "ஹீட்டர் பக்கத்துல உக்காந்தே எனக்கு அந்த வேகம் வரல. வால்கனே அதைப் பழகிப் பழகித்தான் மணிக்கட்டு போய் பட்டை கட்டிட்டுத் திரியறாரு. கையுறை போட்டுட்டு உங்க அண்ணன் எப்படி?"

சிடோனியா தட்டைத் தள்ளிவைத்தாள். எனக்கு உள்ளுக்குள் பற்றி எரிந்தது. பிடிபட்ட திருடன் ஜன்னல் வழியாக நழுவுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

எங்கே, வாசித்துக் காட்டு என்றார் ஒட்டிலியா. ஓஸ்கர் மெஷினை அணைக்காமலே அந்த ஓட்டத்தை வாசித்தான், ஒரு சுரம் விடாமல், தன்னால் முடிந்த வேகத்தில். கேட்கச் சகிக்கவில்லை. அவன் வாசித்ததன் மேலேயே எக்கோ வந்து விழுந்து, கூழும் கஞ்சியுமாகக் கலங்கியது. பக்கத்துக் கடை நாய் எழுந்து போய்விட்டது.

"எனக்கு இசை தெரியாது" என்றார் ஒட்டிலியா. "ஆனா ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா தெரியும். நீயும் பேசுற, மெஷினும் பேசுது. பாட்டுல ஒருத்தர்தான் பேசறாங்க. உங்கள்ல யாரோ பாதி நேரம் வாயை மூடணும். மெஷின் மூடாது. நீ மூடு."

ஓஸ்கர் விழித்தான். பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. பாதிச் சுரம்தான் விரல் வாசித்தது, மீதிப் பாதி எக்கோ. அந்த இடைவெளியில் எக்கோ வந்து உட்கார வேண்டுமானால் அது சரியாக அந்த மயிரிழைத் தாமதத்தில் வந்தாக வேண்டும். தாமதம் சரியாகக் கிடைக்காததால் எல்லாரும் எல்லாச் சுரத்தையும் விரலாலேயே வாசிக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். வால்கன் உட்பட. மெஷின் செய்த வேலையையும் சேர்த்துச் செய்து மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான் அந்த மகானுபாவன்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஓஸ்கர் மறுபடி வாசிக்கப் பார்த்தான். எந்தச் சுரத்தை விடுவது, எதை வாசிப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இங்கே விட்டால் அங்கே ஓட்டை விழுந்தது. வியர்த்துப்போய் நிமிர்ந்தான்.

சிடோனியா விரலில் இருந்த கடுகைக் காகிதத்தில் துடைத்தாள். "கொடு" என்றாள்.

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டாள். ஜெனரேட்டர் முனகலைத் தலை சாய்த்துக் கேட்டாள், அதற்குப் பிறகுதான் கையை வைத்தாள். அவள் விரல்கள் அவசரப்படவே இல்லை. ஒன்று வாசித்தாள், காத்திருந்தாள், ஒன்று வாசித்தாள். சந்தை நடுவில் 'நீல டிராம்' வந்து நின்றது. மழையும் தள்ளாட்டமும் அப்படியே இருந்தன. தக்காளி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பையோடு திரும்பிப் பார்த்தார்கள். ஸிமியோன் அண்ணனின் மிச் கருகியது, அவர் கவனிக்கவில்லை.

வாசித்து முடித்ததும் ஒட்டிலியா அவளையே பார்த்தார். "அண்ணன் இல்ல. நீ."

"ரெமுஸ் மெஷின் கட்டினான். பதிவு பண்ணினான். வாசிச்சது நான். அந்தப் படுபாவிக்கே அது தெரியாது, ரெமுஸ்னுதான் நினைச்சுட்டிருக்கான்."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார் ஒட்டிலியா. அவருக்குக் கோபம் வந்திருந்தது.

"தொண்ணூறுல பத்திரிகை ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க, ஒருத்தன் என் கையைப் பாத்து இது பால் கறக்குற கைன்னான். அதுக்கப்புறம் நான்னு எவன்கிட்டயும் சொல்றதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். செத்த அண்ணன்னா கேப்பீங்க. நீங்களா கண்டுபிடிச்சு என்கிட்ட வந்து சொல்லணும்னு இருந்தேன். இப்ப சொல்லிட்டீங்க."

ஒட்டிலியா கிட்டாரை வாங்கி ஓஸ்கரிடம் கொடுத்தார். பிறகு, சனிக்கிழமைக்கு ஜெனரேட்டர் வேண்டும் என்று ஸிமியோன் அண்ணனிடம் சொன்னார். ஃப்ரிட்ஜும் கூடவே வரும், அதில் பீரும் இருக்கும் என்றார் அவர்.

•

சனிக்கிழமை மாலை, வெயில் தாழாத நேரம். ரோஜாப் பூங்கா நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பின்னால் ஃப்ரிட்ஜோடும் ஜெனரேட்டரோடும் நான் உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரர் வந்து கேட்டார். விருந்தினருக்குப் பீர் என்றேன். ஒரு பாட்டில் கொடுத்ததும் அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மேயர் பட்டம் கொடுத்தார். வால்கன் மணிக்கட்டுப் பட்டையை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் கும்பிட்டார். பிறகு அவருடைய வழக்கமான வேடிக்கை. எந்த ஊர்க் கச்சேரியிலும் கூட்டத்திலிருந்து ஒருத்தரை மேலே கூப்பிட்டு அந்த ஓட்டத்தை வாசிக்கச் சொல்வார். அந்த ஆள் திணறுவான், கூட்டம் சிரிக்கும், பிறகு இவர் வாங்கி வாசிப்பார்.

"யாராவது தைரியசாலி இருக்கீங்களா?"

சிடோனியா எழுந்தாள். கைப்பையும் பால் பண்ணைக் கோட்டுமாக அவள் படியேறியதைப் பார்த்ததும் வால்கன் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. தன் பெட்டியையும் கொண்டுவந்திருப்பதாக அவள் சொன்னாள். ஓஸ்கர் சூட்கேஸைக் கொண்டுபோய் மாட்டினான். வால்கன் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார், அம்மா ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள் போல என்றார். நல்ல சிரிப்பு எழுந்தது.

மெஷின் ஓடவில்லை. அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். வெறும் கிட்டாரில் வாசித்தாள். டொக், ஒரு ஓட்டை, டொக், ஒரு ஓட்டை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வால்கன் மைக்கைப் பிடித்து, "பாதியைத் தின்னுட்டீங்களேம்மா" என்றார்.

அவள் என் பக்கம் தலையசைத்தாள். நான் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து ஓடவிட்டேன்.

அதே விரல்கள், அதே ஓட்டைகள். ஆனால் இப்போது ஓட்டைகளுக்குள் மழை பெய்தது. 'நீல டிராம்' ரெக்கார்டிலிருந்து எழுந்து வந்ததுபோல் பூங்கா முழுவதும் ஓடியது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். நான் வால்கனின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்லப் போய் இடது மணிக்கட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்டது.

சிடோனியா மைக் அருகே வந்தாள்.

"எண்பத்தஞ்சு ஜனவரி, ரயில்வே மண்டபம். கையுறை போட்டுட்டு நான் வாசிச்சேன். இந்தப் பெட்டியைக் கட்டினது ரெமுஸ். நீ பிடிச்சுக் கொடுத்த அதே ரெமுஸ். பாதிதான் நான், மீதி மெஷினு. இத்தனை வருஷமா மெஷினோட வேலையையும் சேத்து நீதான் பாத்துட்டு இருந்திருக்க, ஹோரியா."

"நீ… ரெமுஸோட தங்கச்சியா?" மைக் திறந்திருந்தது. அந்தக் கேள்வியே ஊருக்குப் போதுமானதாக இருந்தது. பாட்டு தன்னுடையதாக இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று ஒட்டிலியா படியருகே நின்று சைகை காட்டினார். சிடோனியா அசையவில்லை. கிட்டாரைக் கழற்றி வால்கன் கழுத்தில் அவளே மாட்டினாள். ஒரு குழந்தைக்குச் சட்டை போட்டு விடுவதுபோல் கிட்டார் வாரைச் சரிசெய்தாள்.

"இப்ப நீ வாசி."

மேயர் இருமினார். கூட்டத்தில் யாரோ "வாசி" என்றான். அப்புறம் இன்னொருத்தன், அப்புறம் பூங்காவே சேர்ந்துகொண்டது. ஓடிவிட அவருக்கு வழியில்லை, பட்டத்தோடு கொடுத்த பதக்கம் கழுத்தில் தொங்கியது. அவருக்குத் தெரிந்தது எல்லாச் சுரமும் வாசிப்பது ஒன்றுதான். வாசித்தார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் முந்தைய சுரம் வந்து விழுந்து, எல்லாம் ஒன்றாகக் குழம்பியது. வேகத்தைக் கூட்டினார், குழப்பமும் கூடியது. நடுவில் அணைத்துவிடலாமா என்று எனக்கே ஒரு கணம் மனம் இளகியது. சிடோனியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையை எடுத்துவிட்டேன்.

அவள் கீழே இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். அவர் முடித்தபோது அந்தப் பெரிய கூட்டத்தில் ஒருத்திதான் கைதட்டினாள், நிதானமாக.

"இன்னொரு தடவை" என்றாள்.